கொத்தவால்: கோட்டைக் காவலும் குடிக் காவலும்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் இந்தி பயிலுங்கால் ஒரு பழமொழியைத் தவறாது கற்கின்றனர். ‘உல்டா சோர் கோத்வால் கோ டாண்டே’ என்பது அது. குற்றம் புரிந்த திருடனே காவல் தலைவனை அதட்டுகிறான் என்பது அதன் பொருள். பிள்ளைகள் இதனை ஒப்புவிக்கும்போது, சென்னையில் வாழ்ந்து பழகிய பாட்டியாரின் நினைவு ஜார்ஜ் டவுனிலுள்ள கொத்தவால் சாவடிக்குச் செல்லும். பேரன் கூறும் கோத்வாலும் பாட்டி காய்கறி வாங்கிய கொத்தவாலும் ஒருவரே என்பதை நம்முள் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம்.

கொத்தவால் என்ற சொல்லில் கொத்தும் இல்லை, வாலும் இல்லை. கீரைக் கொத்துகளைக் குவித்து விற்ற இடமாதலின் இப்பெயர் வந்தது என்று கருதினால் நாம் வழி தவறியவராவோம். அஃது ஒரு பதவியின் பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் வழங்கி, மலைக்கோட்டை முதல் மாநகர்ச் சந்தை வரை ஆண்டு, உயர்ந்தும் தாழ்ந்தும் வந்த பெயர். அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம். பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இவ்வரலாற்றில் தனியானதொரு தொடர்பும் உண்டு.

சொல்லின் பிறப்பு

‘கோட்டபாலன்’ என்னும் வடசொல்லே கொத்தவாலின் மூலம். கோட்டம் என்றது கோட்டையை. பாலன் என்றது காப்பவனை. சொல்லின் நடுவே நின்ற பகரம் காலப்போக்கில் வகரமாக நெகிழ்ந்தது. கோபாலன் என்ற சொல்லே இந்தியில் ‘க்வாலா’ என மாறிப் பால்காரரைக் குறிப்பது நமக்குத் தெரிந்ததே. அதே முறையில் கோட்டபாலன் கோட்டவாலனாகிக் கோத்வால் ஆயினான். வடமொழியிலுள்ள கோட்டம் என்ற சொல்லும் நம் ‘கோட்டை’யோடு உறவுடையது, திராவிட மொழிகளினின்று வடக்கே சென்றதாதல் வேண்டும், என்று சொல்லாராய்ச்சி வல்லார் பலர் கருதுவர். அவ்வாறாயின், தெற்கினின்று புறப்பட்ட ஒரு சொல் வடபுலமெல்லாம் உலவிப் பாரசீக உடை உடுத்துச் சென்னைக்குத் திரும்பி வந்தது என்று கொள்ளலாம்.

இப்பதவியின் பழஞ்சான்று ஒன்று குவாலியர்க் குன்றில் இருக்கிறது. பாறையைக் குடைந்து செய்த திருமால் கோயில் ஒன்று ஆங்கே உள்ளது. அதிலுள்ள கி.பி. 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அல்லன் என்பவன் அக்கோட்டையின் கோட்டபாலனாக விளங்கியதைக் கூறுகிறது. கூர்ஜரப் பிரதிகார மன்னன் போஜன் ஆட்சி செய்த காலம் அது. நந்தவனத்திற்காக 270 முழ நீளமும் 187 முழ அகலமும் உள்ள நிலம் அளித்ததையும், நாள்தோறும் கோயிலுக்கு 50 மாலைகள் வழங்க ஏற்பாடு செய்ததையும் அக்கல்வெட்டுச் சொல்கிறது. 270 என்பதிலும் 50 என்பதிலும் உள்ள பூஜ்யத்தைக் காணக் கணித அறிஞர்கள் இன்றும் ஆங்கே செல்கின்றனர். இந்நாட்டில் நமக்குக் கிடைத்துள்ள பழைய பூஜ்ய எழுத்துகளுள் அவை சேர்ந்தவை. பூஜ்யத்தைக் காணச் செல்வோர் அருகிலே பொறித்துள்ள கோட்டபாலனையும் ஒரு கணம் நோக்குவாராக!

அக்காலத்துக் கோட்டபாலன் படைத்தலைவன் போன்றவன். மதிலும் வாயிலும் பண்டகமும் அவன் பொறுப்பு. இச்சொல் வடமேற்கே சென்று கஜினி அரசிலும் குடியேறியது. பதினோராம் நூற்றாண்டில் அவ்வரசின் வரலாற்றை எழுதிய பைஹாகி என்பார், கஜினிக் கோட்டையின் தலைவரைக் கொத்தவால் என்றே குறிக்கின்றார். துருக்கிய மன்னர் தில்லியில் அரசு நிறுவியபோது, அச்சொல் பாரசீக ஆட்சிச் சொல்லாக மீண்டும் இந்நாட்டில் நுழைந்தது.

தில்லியின் கொத்தவால்கள்

தில்லியில் கொத்தவாலின் கடமை விரிந்தது. மதிலைக் காத்தவன் மதிலுக்குள் வாழ்ந்த மக்களையும் காக்க வேண்டியவனானான். அவ்விரு காவலும் ஒன்றோடொன்று மாறுபடும்போது அவன் எப்பக்கம் நிற்பான்? இவ்வினாவிற்கு அவன் அளிக்கும் விடையைக் கொண்டே அப்பதவியின் பெருமையும் சிறுமையும் அமைந்தன.

சுல்தான் பால்பன் 1266 முதல் 1287 வரை ஆண்டவன். கடுமைக்குப் பெயர் பெற்றவன். படையில் முன்னாளில் பணி செய்து, முதுமையால் தளர்ந்தவர்களும், இறந்த வீரர்களின் குடும்பத்தாரும் மானியமாகத் துய்த்து வந்த நிலங்களைத் திரும்பப் பெற அவன் ஆணையிட்டான். முதியோர் பலர் தில்லிக் கொத்தவாலாகிய பக்ருத்தீனிடம் முறையிட்டனர். அவர் அரசவையில் வாட்டமுற்ற முகத்தோடு சென்று நின்றார். காரணம் வினவிய சுல்தானிடம், முதியோரை அரசு கைவிடுவதாகக் கேள்வியுற்றதாகவும், தாமும் முதியவராதலின் தம் கதி யாதாகுமோ என்று கவலையுற்றதாகவும் தெரிவித்தார். சுல்தானின் உள்ளம் இளகியது, ஆணை மாறியது. இச்செய்தியைப் பதினான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியராகிய பரனி பதிவு செய்துள்ளார்.

அப்பரனியின் சிற்றப்பனார் அலாவுல்முல்க் என்பவரும் தில்லியின் கொத்தவாலே. சுல்தான் அலாவுத்தீன் கில்ஜியின் காலத்தவர். உடல் மிகப் பருத்தவராதலின் மாதப் பிறப்பன்று மட்டுமே அரசவைக்கு வருவாராம். வெற்றிச் செருக்கில் மிதந்த அலாவுத்தீன், தானே ஒரு புதிய சமயம் நிறுவப் போவதாகவும், அலெக்ஸாண்டரைப் போல் உலகையெல்லாம் வெல்லப் போவதாகவும் கூறித் திரிந்தான். அவையிலிருந்தோர் ஆமாம் ஆமாம் என்றனர். கொத்தவாலின் முறை வந்தபோது, அவர் மதுவை அகற்றச் செய்தார். மிக நெருங்கியோர் சிலரைத் தவிர ஏனையோரையும் வெளியேறச் செய்தார். சமயம் நிறுவுதல் அரசரின் தொழிலன்று என்றும், உலகை வெல்லப் புறப்படுமுன் மங்கோலியர் அச்சத்தினின்று சொந்த நாட்டைக் காத்தல் வேண்டும் என்றும் எடுத்துரைத்தார். சுல்தான் அவ்வறிவுரையை ஏற்றுப் பரிசும் அளித்தான்.

இவ்விருவரும் அரசனுடைய ஊழியர்களே. எனினும் அரசன் முன் குடிகளின் குரலாகவும் அறிவின் குரலாகவும் நின்றனர்.

அக்பர் வகுத்த கடமைகள்

கொத்தவாலின் கடமைகளை முறையாக எழுதி வைத்த பெருமை அபுல் பசலுக்கு உரியது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதிய ‘அயினி அக்பரி’யில் இதற்கெனத் தனிப்பகுதி உண்டு. அதனைப் படிப்போர் வியப்படைவர். இக்காலத்தில் போலீஸ், நகராட்சி, எடையளவு ஆய்வாளர், மக்கள் கணக்கெடுப்பு ஆகிய பல துறைகள் செய்யும் வேலையையெல்லாம் ஒருவனே செய்ய வேண்டியிருந்தது.

வீடுகளையும் வீதிகளையும் அவன் பதிவு செய்தல் வேண்டும். நகரை மொகல்லாக்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு தலைவனை அமர்த்தல் வேண்டும். அக்கம்பக்கத்தார் இன்பத்திலும் துன்பத்திலும் ஒருவருக்கொருவர் உதவுவதாக உறுதி கூறச் செய்தல் வேண்டும். இரவில் காவலர் சுற்றி வருதல் வேண்டும். கடைத்தெருவில் விலை ஏறாமல் பார்த்தல் வேண்டும்; செல்வர் தேவைக்கு மேல் வாங்கிக் குவிக்க விடலாகாது. சேர் என்னும் எடை முப்பது தாம் நாணயங்களின் எடைக்குக் கூடவோ குறையவோ கூடாது. பெண்கள் நீர் எடுக்கவும் நீராடவும் தனித்துறைகள் அமைத்தல் வேண்டும். கணவனை இழந்த பெண்ணை அவள் விருப்பத்திற்கு மாறாக எரியூட்ட விடுதல் ஆகாது.

இவற்றுள் தலையாயது மற்றொன்று. களவு போன பொருளைக் கொத்தவால் திருடனோடு கண்டுபிடித்தல் வேண்டும். இயலாதாயின் அவ்விழப்பிற்குத் தானே பொறுப்பாதல் வேண்டும். இது நம் தென்னாட்டிற்குப் புதிதன்று. சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற வரியைக் காண்கிறோம். பிற்காலத்துக் காவல்காரரும் ஊராரிடம் காவற்கூலி பெற்று, களவு போன பொருளுக்கு ஈடு செய்யும் பொறுப்பை ஏற்றிருந்தனர். மக்களின் பணத்தைப் பெற்று, மக்களின் இழப்பைத் தன் இழப்பாகக் கருதுபவனே காவலன் என்பது வடக்கும் தெற்கும் ஒப்பிய நெறியாகும்.

எழுதிய விதி வேறு. நடந்த நடப்பு வேறு என்பதையும் மறத்தல் கூடாது. பதினேழாம் நூற்றாண்டில் மொகலாய நாட்டில் வாழ்ந்து, பின்னர்ச் சென்னையில் குடியேறிய மனூச்சி என்னும் வெனிஸ் நகரத்தார் தம் நூலில் கொத்தவாலைப் பற்றி எழுதியுள்ளார். நாள்தோறும் வீடுகளைத் துப்புரவு செய்ய நுழையும் பணியாளர் வாயிலாக, அவ்வீடுகளில் நடப்பவற்றையெல்லாம் கொத்தவால் அறிந்து கொண்டான் என்பது அவர் தரும் செய்தி. காக்கும் கண்ணே உளவறியும் கண்ணாகவும் இருந்தது என்க.

புதியவரும் காவலரும்

அயினி அக்பரியில் நம் போன்றோர் ஊன்றிப் படிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. நகருக்குள் வருவோர் யார், வெளியேறுவோர் யார் என்று மொகல்லாத் தலைவன் நாள்தோறும் அறிவிக்க வேண்டும். அறிமுகமற்ற புதியவரைத் தனிச் சத்திரத்தில் தங்கச் செய்து கண்காணிக்க வேண்டும். வணிகரோ, போர்வீரரோ, வேறெவரோ, எல்லோரும் இக்கணக்கில் அடங்குவர். ஆக, ஊருக்குப் புதியவன் என்றால் கொத்தவாலின் கண் அவன் மேல் முதலில் விழும். அக்கண்ணில் ஐயம் மட்டும் இருந்தால் என்னாகும்?

இதற்கு விடை கூறத் தமிழ் இலக்கியமே போதும். பிழைக்கப் புகாரினின்று மதுரைக்கு வந்தவன் கோவலன். அந்நகரில் அவனை அறிந்தார் இல்லை. பொற்கொல்லன் ஒருவன் கள்வன் என்று சுட்டினான், மன்னன் ஆராயாது ஏவினான், ஊர்க்காவலர் சென்றனர். காவலருள்ளும் இவன் கள்வன் போல் தோன்றவில்லையே என்று தயங்கியவர் இருந்ததைச் சிலம்பு காட்டுகிறது. அத்தயக்கம் ஒரு நாழிகை நீடித்திருந்தால் மதுரை எரிந்திராது.

காப்பியத்தில் நிகழ்ந்தது வரலாற்றிலும் நிகழ்ந்தது. பேஷ்வாக்களின் புனே நகரில் காசிராம் என்பவன் 1777 முதல் 1791 வரை கொத்தவாலாக இருந்தான். அவனும் வடநாட்டினின்று அந்நகருக்கு வந்து குடியேறியவனே. நானா பட்னவீசின் ஆதரவு அவனுக்கு இருந்தது. இரவில் பீரங்கி முழங்கிய பின் வீதியில் நடந்தோர் அவன் ஆட்களிடம் அகப்பட்டனர். 1791ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பேஷ்வா வழங்கும் தட்சிணையின் பொருட்டுத் தெலுங்கு நாட்டினின்று புனே வந்திருந்த அந்தணர் சிலரை, களவு செய்தனர் என்ற ஐயத்தின் மேல் காற்றுப் புகாத சிறு அறையில் அடைத்தனர். விடிந்து கதவைத் திறந்தபோது இருபதுக்கு மேற்பட்டோர் மூச்சுத் திணறி இறந்து கிடந்தனர். நகரம் கொதித்தெழுந்தது. நானா பட்னவீசும் அவனைக் காக்க இயலவில்லை. மக்களிடம் ஒப்படைக்கப்பட்ட காசிராம் கல்லால் அடியுண்டு மாண்டான். விஜய் டெண்டுல்கர் 1972இல் இக்கதையை நாடகமாக்கியதால், மராட்டிய மக்களிடையே அப்பெயர் இன்றும் மறையவில்லை.

அவ்விரவில் மாண்டவர் யார்? நாலு நாள் தங்கிப் போக வந்த வெளியூரார். பேசும் மொழி வேறானவர். பரிந்து பேச உற்றார் இல்லாதவர். காவலன் தன் நெறியை இழக்கும்போது முதலில் அடிபடுபவர் இத்தகையோரே. அவர்களுக்காகக் கொதித்தெழுந்தவர்களோ அவ்வூர் மக்கள் என்பதையும் நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

சாந்தினி சவுக்கின் கொத்தவாலி

கொத்தவாலின் அலுவலகம் கொத்தவாலி எனப்பட்டது. சாந்தினி சவுக்கில் பொன்னிற மசூதியின் அருகே தில்லிக் கொத்தவாலி இருந்தது. சீசுகஞ்சு குருத்துவாராவிற்குச் செல்லும் நம் அன்பர்கள் அவ்விடத்தைக் கண்டிருப்பர். 1675இல் சீக்கியரின் ஒன்பதாம் குருவாகிய தேக் பகதூர் அதனருகேதான் தலை துணிக்கப்பட்டார். 1847இல் மகாகவி காலிபைச் சூதாட்டக் குற்றத்தின் பேரில் கைது செய்தவரும் தில்லிக் கொத்தவாலே. 1857 செப்டம்பரில் தில்லி வீழ்ந்தபின், பகதூர் ஷாவின் மக்கள் இருவரையும் பேரன் ஒருவரையும் ஹாட்சன் சுட்டுக் கொன்றான். அவர்களின் உடல்கள் மக்கள் காணுமாறு கொத்தவாலியின் முன் கிடத்தப்பட்டன. அதே வெளியில் தூக்குமரங்களும் நின்றன. ஒரு காவல் நிலையத்தின் வாயிலில் இத்துணைக் கண்ணீர் சிந்திய நகரம் பிறிதொன்று உண்டோ?

அக்கிளர்ச்சிக்குச் சிறிது முன்னர்த் தில்லியின் கொத்தவாலாக இருந்தவர் கங்காதர நேரு. கலகத்தில் எல்லாம் இழந்து, குடும்பத்தோடு ஆக்ராவிற்குச் சென்றார். 1861இல் 34 வயதில் மறைந்தார். அவர் மறைந்த சில திங்களில் பிறந்த மகனே மோதிலால் நேரு. கொத்தவாலின் பேரர் ஜவஹர்லால், நாடு விடுதலை பெற்றபோது அதே தில்லியில் முதற்பிரதமராகப் பொறுப்பேற்றார். ஊர் விட்டு ஓடிய குடும்பம் ஊரை ஆளத் திரும்பியது என்றால் மிகையாகாது.

1857க்குப் பின் தில்லியில் கொத்தவால் பதவி முடிந்தது. 1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம் புதிய அமைப்பை வகுத்தது. தில்லியில் கமிஷனர் முறை 1978 ஜூலை முதல் நாள் தொடங்கியது.

பெயரின் பிற்காலம்

நிஜாமின் ஐதராபாத்தில் மட்டும் அப்பெயர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெருமையோடு விளங்கியது. ஆங்கே 1920இல் கொத்தவாலாகி ஏறக்குறையப் பதினான்கு ஆண்டுகள் அப்பதவியை வகித்தவர் ராஜ பகதூர் வெங்கடராம ரெட்டி. பதவி ஏற்பதற்கு முன்பே, 1918இல், கிராமங்களினின்று நகருக்குப் படிக்க வரும் மாணவர்க்கென விடுதி நிறுவுவதில் முன்னின்றவர் அவர். ஊருக்குப் புதியவராய் வந்து நின்ற இளைஞர்க்கு உறைவிடமும் உணவும் தேடித் தந்த ஒருவர் பின்னர்க் கொத்தவாலானார் என்பது நாம் போற்றத்தக்கது. புனேயின் இழுக்கை ஐதராபாத் ஓரளவு துடைத்தது எனலாம்.

சென்னையில் கொத்தவால் சந்தை மேற்பார்வையாளராக அமைந்தார். விலையும் எடையும் பார்த்து, வணிகரின் வழக்குகளைக் கேட்ட அவர் அமர்ந்த சாவடியே கொத்தவால் சாவடி. அக்பர் வகுத்த கடமைகளுள் சந்தைக் கடமை ஒன்று சென்னையில் ஊரின் பெயராக நிலைத்தது. மொத்தக் காய்கறி வாணிகம் 1996இல் கோயம்பேட்டிற்கு மாறிய பின்னும் பெயர் மாறவில்லை. உத்தரப் பிரதேச நகரங்களில் தலைமைக் காவல் நிலையங்கள் இன்றும் கொத்தவாலி என்றே வழங்குகின்றன. மராட்டியச் சிற்றூர்களிலோ கொத்தவால் என்ற பெயர் வருவாய்த் துறையின் கடைநிலை ஊழியரைக் குறித்து வந்தது. கோட்டையை ஆண்டவன் பெயர் கிராமக் கணக்கருக்குத் துணை நிற்பவரின் பெயராயிற்று!

ஆயினும் மக்கள் உள்ளத்தில் இப்பெயருக்கு உயர்ந்த இடம் உண்டு. காசியின் கொத்தவால் காலபைரவர் என்பது அந்நகரத்தார் நம்பிக்கை. அவரை வணங்காது காசி யாத்திரை நிறைவுறாது என்பர். நம்மவரும் அங்கே கறுப்புக் கயிறு பெற்றே ஊர் திரும்புவர். நம் நாட்டுச் சிவாலயங்களிலும் பைரவர் க்ஷேத்திரபாலர். இரவில் நடை சாத்தியபின் சாவியை அவர் சந்நிதியில் வைக்கும் வழக்கம் உண்டு. க்ஷேத்திரபாலர், கோட்டபாலர் என்ற இரு பெயரிலும் காப்பு என்ற பொருளே நிற்பதைக் காண்க.

பறவையினத்திலும் ஒரு கொத்தவால் உண்டு. நாம் கரிக்குருவி, இரட்டைவாற்குருவி என்று வழங்கும் சிறு பறவைக்கு இந்தியில் கோத்வால் என்று பெயர். காக்கையும் பருந்தும் கூட்டை அணுகினால் அஞ்சாது எதிர்த்து விரட்டும். ஆதலின் எளிய பறவைகள் அதன் கூட்டிற்கு அருகில் தங்கள் கூட்டை அமைக்கும். மதுரைத் திருவிளையாடலில் சோமசுந்தரக் கடவுள் அருளால் வலியான் என்ற பெயர் பெற்றதும் இக்குருவியே. தன் கூட்டைக் காக்கும் வலிமையால் அயலார் கூட்டிற்கும் அரணாவது எதுவோ அதற்கே கொத்தவால் என்ற பட்டம் பொருந்தும் என மக்கள் கண்டனர் போலும்.

அரசர் கொடுத்த பட்டம் அரசோடு போயிற்று. அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் உதவ உறுதி கூற வேண்டும் என்ற விதி மட்டும் எந்த அரசும் இன்றியே நிறைவேறக் கூடியது. புதிதாக ஒரு குடும்பம் நம் காலனியில் வந்து இறங்குமாயின், அவர் தமிழராயினும் வேறு மொழியாராயினும், அவர் யார் என்று வினவும் கண் நமக்கும் உண்டு. அக்கண்ணோடு ஒரு செம்பு நீரும் ஒரு வேளை உணவும் சேர்ந்து செல்லட்டும். நாமும் ஒரு நாள் அவ்வாறு வந்து இறங்கியவர்களே. நம்மை ஏற்ற இந்நகருக்கு நாம் ஆற்றும் கைம்மாறு, நமக்குப் பின் வருவோரைக் காத்தலே ஆகும்.